மஞ்சள் பெயின்ட்டில் ஐந்து தணிகை

சோளிங்கர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, பையில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு சோப்பு டப்பா. பின்னால் ஒரு பேக்கரியும் அதில் நான் பார்த்த ஐந்து மாத வேலையும் இருந்தன. திரும்பிப் பார்க்கவில்லை. முதலாளி நல்ல மனிதர்தான், சாப்பாட்டுக்கும் குறைவில்லை. ஒரே ஜன்னல் வழியாக ஒரே புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு மாவு பிசைவது திடீரென்று ஒரு காலையில் முடியாமல் போய்விட்டது. இதைக் காரணமென்று ஒருவரிடம் சொல்ல முடியுமா? "ஊர்ல உடம்பு சரியில்லீங்க" என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

ஊர் எல்லையில் கால்வாய் வாரிக்கொண்டிருந்தார்கள். வாரிய கறுப்புச் சேறு சாலையோரம் குவிந்து கிடந்தது. ஒருவர் அதன்மேல் ப்ளீச்சிங் பவுடரைத் தூவிக்கொண்டே போனார். வெயிலில் காயும் சேறும் ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்து வருகிற அந்த நாற்றத்துக்கு ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். எனக்கோ பசித்தது. சிரிக்காதீர்கள். அந்த நாற்றத்தோடு நான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் வெண்பொங்கல் சாப்பிட்டிருக்கிறேன். இன்றைக்கும் சாக்கடை வாசனை வந்தால் மிளகும் நெய்யும் நாக்கில் வந்து நிற்கின்றன.

அது திருத்தணியில். மூன்று நாலு வருஷம் இருக்கும். நான் திருவாலங்காட்டுப் பக்கம் பிறந்தவன். கரும்பு வெட்ட அப்பா போன இடமெல்லாம் கூடவே போனதில் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அம்மையார்குப்பத்தில் விசைத்தறி, அரக்கோணத்தில் பார்சல் ஏற்றுவது, நடுவில் ஒரு கோழிப்பண்ணை என்று போய்க்கொண்டிருந்த காலம். ஒரு கிருத்திகைக்கு மலைக்கு வந்தவன், கூட்டம் வடிந்த பிறகும் ஊரைவிட்டுப் போகாமல் சத்திரத்துத் தூணருகே நாலு நாள் படுத்திருந்தேன். ஐந்தாம் நாள் ஞாயிறு. ஒரு தெருமுனையில் பொங்கல் அண்டா ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் துடைப்பமும் கூடையுமாகப் பத்திருபது பேர். நானும் போய் வரிசையில் நின்றேன்.

அண்டாவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்ற அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். நாற்பது நாற்பத்தைந்து வயது, புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ்.

"இன்னா தம்பி, பொங்கலுக்கு வந்தியா, வேலைக்கு வந்தியா?"

"பொங்கலுக்குக்கா."

"உண்மைய சொல்றான் பாருடீ. இந்தா, துன்னுட்டு மம்பட்டிய எடு."

அவர்தான் அந்த வார்டு கவுன்சிலர் என்று சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது. பெயர் விஜயா. அதற்கு முன்பு மலையடிவாரத்தில் அர்ச்சனைத் தட்டு விற்றவர். தேங்காய் விற்ற குரல், அதற்கு மைக் தேவையில்லை. ஆனாலும் மைக் வைத்துக்கொள்வார். மாதத்தில் இரண்டு ஞாயிறு துப்புரவு. காலையில் தெருவைச் சுத்தம் செய்வது, சாயங்காலம் அதே தெருவில் பந்தல் போட்டு மக்கள் சந்திப்பு. யார் வேண்டுமானாலும் எழுந்து எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கோடு போட்ட பெரிய நோட்டு ஒன்றில் எல்லாம் எழுதப்படும். தெலுங்கில் கேட்டால் தெலுங்கிலேயே பதில் வரும். ஒரு மூதாட்டி ஒவ்வொரு கூட்டத்திலும் பன்றியைப் பற்றித் தெலுங்கில் முறையிடுவார். விஜயாக்கா ஒவ்வொரு கூட்டத்திலும் "சூஸ்தானம்மா, சூஸ்தானு" என்பார், பார்க்கிறேன் என்று. இருவருக்கும் அதில் திருப்திதான்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்லமாட்டேன். மலிவாகக் கிடைத்ததென்று அவர் வீட்டுக்காரர் ஐம்பது கையுறை வாங்கிவந்தார். ஐம்பதும் இடது கை. வலது கையில் திருப்பிப் போட்டுக்கொண்டு, கட்டைவிரல் எங்கோ நீட்டிக்கொண்டிருக்க, தெருவே சேறு வாரியது. சிலர் கையுறை வாங்கிப் போட்டோவுக்கு நின்றுவிட்டுக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் பொங்கல் உண்டு. மரக்கன்று நட்டால் அடுத்த வாரம் ஆடுகள் தின்றுவிடும், மறுபடி நடுவார். கடைசியில் அந்தத் தெரு ஆடுகள் அவரை எங்கே கண்டாலும் பின்னாலேயே போகத் தொடங்கின.

பொங்கலுக்கு வந்தவன் நாலு மாதம் அவரோடேயே சுற்றினேன். ஆட்டோவில் உட்கார்ந்து மைக்கில் கூட்டத்துக்குக் கூப்பிடுவேன், நாற்காலி இறக்குவேன், சுவரில் எழுதுவேன். எழுத்துதான் என் பெருமை. படிப்பு நின்றாலும் கையெழுத்து நிற்கவில்லை. கோழிப்பண்ணையில் சாக்குக்குப் பெயர் போட்டுப் போட்டு உருண்டு திரண்டு வந்த எழுத்து. "நம்ம ஆளு எழுத்தப் பாரு, அச்சு மாதிரி" என்று விஜயாக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். யாரும் என்னை அதுவரை எதற்கும் புகழ்ந்ததில்லை. மண்டையில் ஏறிவிட்டது.

அந்த வார்டில் ஒரு தெருவில் வீடுகளை ஒட்டியே கால்வாய் ஓடும். எல்லா வீட்டுக்கும் வாசலில் கால்வாய்மேல் ஒரு கல் கிடக்கும். அதைத் தாண்டித்தான் தெருவுக்கு வரவேண்டும். ஒருவர் கருங்கல், ஒருவர் கடப்பா கல், ஒருவர் உடைந்த மின்கம்பத்துத் துண்டு, ஒருவர் பழைய துவைக்கிற கல். கல்லுக்கு அடியில் வருஷக்கணக்கில் சேறு. ஒரு கூட்டத்தில் விஜயாக்கா அறிவித்துவிட்டார்: எல்லாக் கல்லையும் எடுத்து, அடிவரைக்கும் வாரி, மறுபடி போடுவது. சனிக்கிழமை எடுப்பது, ஞாயிறு போடுவது. கல்லையெல்லாம் தெருக்கோடிக் காலி மனையில் அடுக்கிவைக்கலாம். எந்தக் கல் யாருடையது என்று எழுதிவைக்க என்னிடம் ஒரு மஞ்சள் பெயின்ட் டப்பா வந்தது.

கதவு எண்ணைப் போட்டிருக்கலாம். பழைய எண், புதிய எண் என்று ஒவ்வொரு கதவிலும் இரண்டு எண். எதை எழுதுவது என்று சண்டை வரும் என்று தோன்றியது. பெயரைப் போடலாம் என்று முடிவு செய்தேன். எனக்கும் பெயர் எழுதத்தான் ஆசை. திருத்தணியில் பெயரைப் போட்டு அடையாளம் வைக்க நினைத்தவன் வெளியூர்க்காரனாகத்தான் இருக்கமுடியும். அந்த ஊரில் பிள்ளைக்குப் பெயர் வைக்க யாரும் ரொம்ப யோசிப்பதில்லை, மேலே மலையில் இருப்பவர் இருக்கிறார். முப்பது வீட்டில் நாலு முருகன், மூன்று சுப்பிரமணி. தணிகைவேலு இரண்டு, தணிகாசலம் ஒன்று, தணிகைமலை ஒன்று, வெறும் தணிகை ஒருவர். பாதித் தெருவிலேயே பெயின்ட் அடித்தட்டுக்கு வந்துவிட்டது. "முழுப் பேரும் எதுக்கு? தணிகைன்னு போடு, எல்லாருக்கும் தெரியும்" என்றார் முதல் தணிகை. இரண்டாமவரும் அதையே சொன்னார். அவரவர் வீட்டில் அவரவர் ஒருவர்தான் தணிகை. நானும் மஞ்சளில் அழகாக ஐந்து முறை எழுதினேன்.

அதில் ஒன்றை மட்டும் பெரிதாக எழுதினேன். அது தணிகாசலத்தின் கல். தெருவிலேயே அகலமான கடப்பா கல். அகலமாக இருந்தே ஆகவேண்டும். ஏனென்றால் அவர் வெளியே வருவது கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில். லாரி ஷெட்டில் ஜாக்கி சரிந்ததில் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனவர். ஐம்பத்தைந்து வயது, வீட்டில் தனியாள், மகள் அரக்கோணத்தில். அடிவாரத்தில் பக்தர்கள் செருப்பு விடுகிற இடத்தில் டோக்கன் கொடுப்பது அவர் வேலை. செருப்பைப் பார்த்தே ஊர் சொல்வார். "இது நகரி. இது ரயில்வேக்காரன், அரக்கோணம். இது பொண்டாட்டி செருப்பு, இவரு மாத்திப் போட்டுகினு வந்துட்டாரு." கால்வாய் வேலைக்காக மூன்று நாள் லீவு சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை கிருத்திகை, அன்றைக்கு வந்தே தீரவேண்டும் என்று அந்த இடத்தின் குத்தகைக்காரர் சொல்லிவிட்டார். கிருத்திகைக்கு வராதவனுக்கு அப்புறம் அங்கே இடம் கிடையாது.

நான் பெயர் எழுதும்போது வாசலுக்குள் இருந்தபடி கூவினார்: "நைனா, கல்லு பெருசு. எழுத்தும் பெருசா போடு!"

சேறு மூன்று டிராக்டர் போயிற்று. உள்ளேயிருந்து என்னென்னவோ வந்தது. கரண்டி, பல்செட், ஒற்றைக் கொலுசு, ஒரு முழு சைக்கிள் சக்கரம். ஞாயிறு காலையில் கல்லைத் திரும்பப் போட்டோம். நகராட்சி ஆட்கள் நாலு பேர் கடப்பாரையால் நெம்பிப் பெயர் படித்துக் கொண்டுபோனார்கள். நான் அப்போது தெருக்கோடியில் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தபோது எல்லாக் கல்லும் போட்டாகிவிட்டது. தணிகாசலம் வாசலில் ஒன்றரை அடிக் கல். அகலக் கல் மூலை வீட்டுத் தணிகைவேலு வாசலில்.

தணிகைவேலு திருடர் இல்லை. மாடி கட்டிக்கொண்டிருந்தார், புது பைக் வாங்கியிருந்தார். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் பெரிய கல், மேலே தன் பெயர். நானாக இருந்தாலும் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

சாயங்காலக் கூட்டம். விஜயாக்கா தெருவைப் பாராட்டினார். பிறகு என்னை முன்னால் கூப்பிட்டு ஒரு புதுத் துண்டைத் தோளில் போட்டார். "முப்பது கல்லுக்கும் பேரு எழுதுன புள்ள. நம்ம வார்டு துப்புரவுக்கு மேஸ்திரியா போடச் சொல்லிக் கேட்டுகினு இருக்கேன்" என்றார். கைதட்டினார்கள். அப்போதுதான் எதிர்ச் சாரியில் இருந்து குரல் வந்தது. தணிகாசலம் தன் வாசற்படிக்குள் வண்டியில் உட்கார்ந்திருந்தார். மைக் வயர் அதுவரை எட்டவில்லை. கத்தினார்.

"ஏம்மா கவுன்சிலரே, ஊரையே சுத்தம் பண்ணிட்ட, என்னைய வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டியே!"

விஷயம் வெளியே வந்தது. தணிகைவேலு நிதானமாக எழுந்தார். "கல்லுல என் பேரு இருக்குதுங்க. நானா எழுதுனேன்? எழுதுனது உங்க ஆளு. அவனையே கேளுங்க."

மூலை வீட்டுக்காரரைப் பகைத்துக்கொண்டு சாட்சி சொல்ல விரும்பாத தெரு முழுக்க என் பக்கம் திரும்பியது. "சொல்லு தம்பி," என்றார் விஜயாக்கா. "பெரிய கல்லு யாருது?"

எனக்குத் தெரியும். பெரிதாக எழுதிய கை என்னுடையது. ஆனால் ஐந்து கல்லில் ஒரே பெயரைப் போட்டேன் என்று, அச்சு மாதிரி எழுத்து என்று பேர் வாங்கிய வாயால், தோளில் துண்டோடு, அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? மேஸ்திரி வேலை வேறு நாக்கின் நுனியில் உட்கார்ந்திருந்தது.

"ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

விஜயாக்கா பேனாவை எடுத்தார். "சரி, விசாரிச்சு முடிவு பண்ணலாம்" என்று நோட்டில் எழுதினார். அங்கேயே ஒரு பலகை கொண்டுவந்து கால்வாய்மேல் போட்டுப் பார்த்தார்கள். வண்டி ஏறியதும் நடுவில் விரிசல் விட்டது. வேறு யாரும் தன் கல்லைக் கொடுக்க முன்வரவில்லை. கை மாறிய கல் திரும்ப வருமா என்கிற பயம் அன்றைக்குத் தெரு முழுக்கப் பிடித்திருந்தது.

திங்கள் காலை பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான். எங்கே என்ன கெட்டாலும் கால் முதலில் முடிவு செய்துவிடும். அரக்கோணம் சாலையில் ரொம்ப தூரம் போய் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். பையைத் திறந்தபோது ஒரு சட்டைதான் இருந்தது. இன்னொன்று அந்தத் தெருப் பந்தல் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு இருந்ததே இரண்டு. மனசாட்சி திருப்பிக் கூட்டிவந்தது என்று எழுத ஆசைதான். சட்டைக்காகத்தான் திரும்பினேன்.

உச்சி வெயிலில் தெருவுக்குள் வந்தேன். மூலை வீட்டில் தணிகைவேலு கொத்தனாரை வைத்து அகலக் கல்லைச் சுற்றிச் செங்கல் வைத்துச் சிமென்ட் பூசி முடித்திருந்தார். இந்தப் பக்கம் தணிகாசலம் அதே படிக்குள் அதே வண்டியில், கிளம்பாத பஸ்ஸின் டிரைவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஷேவ் செய்து, நாளைக்கான வெள்ளைச் சட்டையை மடித்து மடியில் வைத்திருந்தார்.

"இன்னா நைனா, பையோட? ஊர விட்டா?"

"சட்டைய எடுக்க வந்தேன்."

"ஆங். எடுத்துகினு போ." மடியிலிருந்த சட்டையின் மடிப்பைச் சரிசெய்தார். "பெருசா போடுன்னு நான் சொன்னது உன் காதுல விழுந்துது. நீ சிரிச்ச. நான் பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் போயிருப்பேன்.

சட்டை கயிற்றிலேயே இருந்தது. நான் விஜயாக்கா வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெயின்ட், ஐந்து தணிகை, பெரிய எழுத்து, துண்டு. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

"நேத்து சொல்லியிருந்தா அது கல்லுடா. இப்ப சிமென்டு."

என்னையும் இழுத்துக்கொண்டு மூலை வீட்டுக்குப் போனார். தணிகைவேலு எங்கள் இருவரையும் பார்த்தார். "நேத்து தெரியாதுன்னான். இன்னிக்குத் தெரியுதுன்றான். நாளைக்கு இன்னா சொல்வான்?" கொத்தனார் குனிந்து கல்லைத் தட்டிப் பார்த்தார். கடப்பா கல், இப்போது நெம்பினால் இரண்டாகப் பிளந்துவிடும், யாருக்கும் உதவாது என்றார். விஜயாக்கா நோட்டை வரவழைத்து, தணிகாசலம் வாசலுக்கு நகராட்சியில் சாய்தளம் கேட்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார். "ஒரு மாசம் ஆவும்" என்றார். மேஸ்திரி வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. துண்டைத் திருப்பிக் கொடுத்தேன்; "மூஞ்சி தொடச்சிக்க, வெச்சிக்க" என்றார்.

நாளைக்குக் கிருத்திகை. அந்தத் தெருவில் ஆண், பெண் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். பூக்கடை, பழக்கடை, மொட்டை அடிக்கிற இடம், பஸ் நிறுத்தம் என்று எல்லாரும் அடிவாரத்தில்தான். ஓர் ஆளையும் ஓர் இரும்பு வண்டியையும் கால்வாய் தாண்டி இறக்கிவிட யார் இருப்பார்கள்? நான் மறுபடி தணிகாசலம் வாசலுக்குப் போய், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் "அஞ்சு" என்றார்.

சோளிங்கர் சாலையில் அந்த நாற்றம் கிளறிவிட்டதெல்லாம் இதுதான். என் ஊர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறவேண்டியவன் திருத்தணி பஸ்ஸில் ஏறிவிட்டேன். தெரு இருக்கிறது, கால்வாய் இல்லை. மேலே சிமென்ட் போட்டு மூடி, அதன்மேல் பைக்குகள் நிற்கின்றன. கல்லெல்லாம் எங்கே என்றால் உடைத்து ரோட்டுக்கு அடியில் போட்டுவிட்டார்களாம். மூலை வீட்டு வாசலும் மற்ற வாசல்கள் மாதிரிதான் இருந்தது. காலையில் பேட்டரி வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது. ஜனங்கள் வாளியை நீட்டிவிட்டுக் கதவை மூடிக்கொள்கிறார்கள். குறை இருந்தால் போனில் அனுப்பலாமாம். ஞாயிற்றுக்கிழமைப் பொங்கல், பந்தல், இடது கைக் கையுறை, தெலுங்கு மூதாட்டியின் பன்றி எதுவும் இல்லை. விஜயாக்காவுக்கு முழங்கால் வலி. "வர்றதுக்கு ஆளு வேணுமே தம்பி" என்று மட்டும் சொன்னார். தணிகாசலத்தின் படி இப்போது தெருவோடு சமமாக இருக்கிறது. ஒரு தள்ளுத் தள்ளினால் வண்டி தானாக ரோட்டுக்கு வந்துவிடும். அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அவரை மகள் அரக்கோணத்துக்குக் கூட்டிப்போனாள் என்றார்கள். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. அவர் எப்படி இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. அரக்கோணத்தில் எந்தத் தெரு என்றும் தெரியவில்லை.

தணிகாசலத்திடம் ஒன்றரை வருஷம் இருந்தேன். என் வாழ்க்கையில் நான் ஓரிடத்தில் நின்ற நீண்ட காலம் அதுதான். ஒரு மாதம் என்ற சாய்தளம் கடைசிவரை வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்குப் போனபோது வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசி, தயாராக இருந்தார். முதலில் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு ஒன்றரை அடிக் கல்லைத் தாண்டி எதிர்த் திட்டில் உட்காரவைத்தேன். கனமான ஆள். "ஆட்டாத எழுத்தரே, உள்ள உழுந்தா வாரி எடுத்ததெல்லாம் வீணாப் பூடும்" என்றார் காதருகில். பிறகு வண்டி. மூன்று சக்கரத்தில் இரண்டைக் கல்லின்மேலும் ஒன்றைக் காற்றிலுமாகத் தூக்கிக் கடத்தினேன். அடிவாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனபோது காவடிகள் ஏற ஆரம்பித்திருந்தன. குத்தகைக்காரர் என்னைப் பார்த்து "இவன் யாரு?" என்றார்.

"நம்ம ஆளு. செருப்பு வாங்கி அடுக்குவான்" என்றார் தணிகாசலம்.

முதலில் வந்தது ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம்; ஏழு ஜோடி. நான் அடுக்கிவிட்டு, வழக்கம்போல் எழுத எதையாவது தேடி இரண்டு பக்கமும் பார்த்தேன் போல. அவர் தகர டோக்கன் கோத்த வளையத்தை என் பக்கம் தள்ளினார்.

"இங்க எதுவும் எழுதாத நைனா" என்றார். "நம்பர் இருக்குது."